எண்பத்தொன்பது என்று நான்தான் சொன்னேன்

மட்டாஞ்சேரி
வியாழன் இரவு

அன்புள்ள மீனா அக்காவுக்குக் கற்பகம் எழுதுவது,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அப்படி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்திருக்கிறேன். என் ஸ்கூலில் மலையாளம்தான் என்பதால் தமிழில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்.

என் தோழி தன்யாவின் போனிலிருந்து உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று தடவை நம்பரை அழுத்தி மூன்று தடவையும் நானே கட் பண்ணினேன். உன் குரல் கேட்டால் அழுவேன், அவ்வளவுதான். நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது செல்வலட்சுமி அத்தைதான் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறாள். "அப்பா எப்படி இளைச்சிட்டாருன்னு கேளுட்டி" என்று அவளே உன்னிடம் சொன்னாள் இல்லையா. நீயும் "சூப்பர் அப்பா" என்றாய். அன்றைக்கு நான் சுவர் ஓரமாக நின்றேன்.

அத்தை நடத்துகிற, உடம்பு இளைக்கிற கிளப் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்று தெரியாது. காலை ஆறரைக்கு நம் மாடி அறையில் பாயை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள். அத்தையின் செர்லாய் வீடு சின்னது என்று அப்பா நம் வீட்டைக் கொடுத்துவிட்டார். ஒரே தங்கச்சி அல்லவா. மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்கும். பவுடரும் தண்ணீரும் அடித்த நுரைக்கு வெனிலா வாசனை. அதோடு வியர்வையும் அமிர்தாஞ்சனமும் சேர்ந்து ஒரு நாற்றம் வருகிறது பார், என் யூனிஃபார்ம் வரைக்கும் பிடித்துவிட்டது. முன்பு ஜூ டவுன் குடோனிலிருந்து அப்பா வந்தால் மிளகும் சுக்கும்தான் மணக்கும்.

சனிக்கிழமை அளவு எடுக்கிற நாள். எல்லோருக்கும் ஒரே டேப். மஞ்சள் டேப், தையல்காரர் வைத்திருப்பதுபோல. ஒருவர் வயிற்றிலிருந்து அடுத்தவர் வயிற்றுக்கு ஈரத்தோடு போகும். அத்தை துடைக்கக்கூட மாட்டாள். நடுவில் இருக்கிற எண்கள் எண்ணெய் ஏறிக் கறுத்துவிட்டன. பெண்களை நிறுத்தி இடுப்புச் சதையை இரண்டு விரலால் பிடித்து, "இந்த டயர எந்த வண்டிக்கு மாட்டப் போற?" என்று கேட்பாள். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பிடிபட்டவளும் சிரிப்பாள், அதுதான் எனக்குப் பொறுக்காது. எண் குறைந்தால் கைதட்டல். கூடினால் "ராத்திரி என்ன முழுங்குன, உண்மையச் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் விசாரணை. பெரியவர்கள் தலை குனிந்து, கப்பைக்கிழங்கு தின்றேன், பொரிச்ச மீன் தின்றேன் என்று ஒப்புக்கொள்வார்கள்.

அப்பாவைச் சட்டையில்லாமல் நிறுத்திப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். 'தொடக்கம்' என்று எழுதி, வயிற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து. எங்கள் கிளாஸ் அனிலின் அம்மா அந்தக் குரூப்பில் இருக்கிறார். மறுநாள் அவன், "எடீ, நின்றெ அச்சன்றெ வயறு ஞங்ஙள் எல்லாரும் கண்டு கேட்டோ" என்றான், உன் அப்பா வயிற்றை நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம் என்று. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம். பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு முதல் அளவு எடுத்த அன்றைக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். குடோனில் எடை போடும்போது காட்டாவை, அதாவது தராசைப் பார்த்து வாசிக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். வாசிக்கிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அந்தச் சாக்கை அப்பா இறக்க விடமாட்டார். அதேபோல இங்கேயும் வேண்டும் என்றார். "செல்வம், நீ எழுது. பாப்பா வாசிக்கட்டும். எம் புள்ள வாயில தப்பு வராது." அத்தை சிரித்துக்கொண்டே டேப்பை என் கையில் கொடுத்தாள். அக்கா, அவர் எத்தனை சாக்குகளை வாசித்தவர். கையால் தூக்கியே நூறு கிராம் குறைகிறது என்று சொல்கிறவர். என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அந்த முதல் அளவு சாயங்காலம், சாப்பாடு முடிந்து, கைலி முடிச்சுக்கு மேலேயே, வயிறு மிகவும் முன்னால் தள்ளின இடத்தில் டேப்பை வைக்கச் சொன்னாள். தளர்வாகப் பிடிக்கச் சொன்னாள். நூற்றியேழு வாசித்தேன். அடுத்த வாரம் காலையில், வெறும் வயிற்றில், நான் டேப்பைச் சுற்றியதும் அத்தை வந்து ஒரு விரல் மேலே தள்ளினாள். அதற்கடுத்த வாரம் இன்னொரு விரல். நான்காவது வாரம் டேப் நெஞ்செலும்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. "மூச்ச நல்லா இழுத்துப் பிடிண்ணே. பாப்பா, இறுக்கு." டேப் தோலில் பதிந்து கோடு விழுந்தது. ஆனாலும் டேப் காட்டினதைத்தானே வாசிக்கிறேன் என்று நான் இருந்தேன். நூற்றிரண்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. இடம் பொய், எண் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் தொண்ணூற்றி நான்கில் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் இறங்கவில்லை. அத்தை ஆண்களுக்குத் தொண்ணூறுதான் எல்லை, அதற்குக் கீழே வந்தால் பிரஷர், சுகர், ஹார்ட் எதுவும் அண்டாது, மாத்திரையே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பவுடர் வியாபாரத்தில் அவளுக்கு மேலே இருக்கிற கலூர் சாய்கிருஷ்ணா சார் வேறு அன்றைக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அத்தை என் முதுகில், சட்டைக்கு மேல், நகத்தால் கிள்ளினாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார். அவரால் இனி ஒரு நொடி தாங்க முடியாது என்று தோன்றியது.

எண்பத்தொன்பது என்று நான்தான் சொன்னேன்.

"எண்பத்தொன்பது" என்று அத்தை திருப்பிச் சொல்லி எழுதினாள். கைதட்டினார்கள். அப்பா மூச்சை விட்டதும் வயிறு டேப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதை யாருமே பார்க்கவில்லை. அவர் என் தலையில் கை வைத்து, "பாத்தியாட்டி" என்றார். என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது. சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினேன்.

அன்று மதியமே அப்பா பிரஷர் மாத்திரைகளை எடுத்து, ஹரிதகர்ம சேனைச் சேச்சிமார் மாதாமாதம் வந்து எடுக்கிற பிளாஸ்டிக் குப்பைச் சாக்கில் போட்டுவிட்டார். நீ கோபப்படுவாய். ஆனால் அவர் பக்கமும் யோசித்துப் பார். குடோனில் எடையும் ஈரமும் அளவுக்குள் இருந்தால் அந்தச் சாக்கைத் தைத்து, முத்திரை வைத்துவிடுவார்கள், அப்புறம் பிரிக்க மாட்டார்கள். தன்னையும் அப்படிப் பாஸான சாக்கு என்றே அவர் நினைத்துவிட்டார். "இருவத்தஞ்சு வருசமா அளவ நம்பித்தாம்மா சோறு தின்னுதேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் எங்கள் ஸ்கூலுக்கு ஹெல்த் சென்டர் நர்ஸ் ஒருவர் வந்தார். கங்கா சேச்சி என்று பெயர். ஒவ்வொருத்தியாக லேப் அறைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். டேப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, எங்களையே சுற்றச் சொன்னார். எண்ணைச் சத்தமாகச் சொல்லவே இல்லை. நான் பழக்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தேன். "பேடிக்கண்டா மோளே, இது மார்க் இல்லை" என்று என் பயத்தைத் தணித்தார். கடைசி விலா எலும்பும் இடுப்பு எலும்பும் எங்கே என்று விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில்தான் வைக்க வேண்டுமாம். மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு வாசிக்க வேண்டுமாம். இறுக்கக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பளவு இருப்பது நல்லது என்றார். கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் பெருத்தவர்களுக்கும் ஆபத்து உண்டு, எடை பார்க்கிற மெஷினுக்கு அது தெரியாது என்றார். நம் அப்பா அப்படித்தானே.

நான் கேட்டேன், அளவு குறைந்தால் மாத்திரையை நிறுத்தலாமா என்று. யாருக்கோ கேட்பதுபோலத்தான் கேட்டேன். டேப் ஒருவரைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும், அவ்வளவுதான், பிரஷர் எவ்வளவு என்று டேப்புக்குத் தெரியாது, மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டியது என்றார். யாராவது நிறுத்திவிட்டார்களா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொல்லச் சொல்ல எளிதாகிறது அக்கா.

வீட்டுக்கு வந்து ஸ்கூல் ரெக்கார்டுக்கு என்று அப்பாவை நிறுத்தி, கங்கா சேச்சி சொன்ன மாதிரியே அளந்தேன். உயரம் நூற்றி அறுபத்து நாலு. பாதி எண்பத்திரண்டு. இடுப்பு நூற்று மூன்று. அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "அத்த சொன்னதுதான?" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்த ரெக்கார்டுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இருப்பதுதான் நிஜம்.

பிறகு விடிகாலையில் பின்மண்டை வலிக்கிறது என்று எழுந்து உட்கார ஆரம்பித்தார். மரப்படியில் பாதியில் நின்றார். யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். குடோனில் மதியத்துக்கு மேல் சுக்குச் சாக்கில் உட்கார்ந்துவிடுகிறாராம், அங்கே கூட வேலை பார்க்கிற முப்பிடாதி மாமா சாயா குடிக்க வந்தபோது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தையிடம் கேட்டதற்கு, "உள்ள இருக்க அழுக்கெல்லாம் வெளிய வருது, தலவலிக்கத்தான் செய்யும்" என்றாள். இன்னொரு டப்பாவைக் கூட்டிக் கொடுத்தாள். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "உங்கத்தையப் பத்தி ஒரு வார்த்த சொன்னா அப்பா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு. நீ படிக்கப் போ" என்றாள். அம்மாவும் இப்போது இரவுச் சோற்றை விட்டுவிட்டு அந்த நுரையைத்தான் குடிக்கிறாள்.

அத்தையிடமே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் துணிந்தேன். டேப்பை மேலே தள்ளினீர்களே, அது தப்பு, அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "யாரு வாசிச்சா? நானா? நா எழுதத்தான செஞ்சேன். போய்ச் சொல்லு உங்கப்பாட்ட, நாந்தாம்ப்பா பொய் சொன்னேன்னு. ஊரு முன்னால எங்கண்ணன நாணங்கெடுத்துனது நீதான்." அப்புறம் அதே ஈரக்கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வெனிலா நாற்றம் இன்னும் அந்த இடத்தில் இருப்பதுபோல் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் ஒன்று செய்தேன். நீ நர்ஸுக்குப் படிக்கிறாய், அதனால்தான் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிக் சாக்கிலிருந்து அந்த மாத்திரைகளைத் தேடி எடுத்தேன். சேச்சிமார் அந்த மாதம் வரப் பிந்தியது நம் நல்ல காலம். பதினேழு மாத்திரை இருந்தது. தினமும் காலையில் ஒன்றை ஸ்பூனால் நசுக்கி அப்பாவின் கிளாஸில் போட்டு நுரையோடு கலக்கிக் கொடுக்கிறேன். அப்பா முன்பு காலையில் ஒன்றுதான் போடுவார் என்று எனக்கு நினைவு. ஒன்றுதானே? நசுக்கிப் போடலாமா, கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அவர் அதைக் குடித்து முடித்து உதட்டைத் துடைக்கும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஐந்தாறு நாளில் தலைவலி குறைந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. சனிக்கிழமை அப்பாவே எழுந்து நின்று, "இந்த வாரம் தலவலியே இல்ல. மாத்திரையும் இல்ல. எல்லாம் எந்தங்கச்சி குடுத்த பவுடர்தான்" என்று பேசினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிற ஞாயிறு கழித்து அதற்கடுத்த ஞாயிறு கலூரில் ஒரு ஹாலில் அப்பாவை மேடையில் ஏற்றி இதையே பேசச் சொல்கிறார்கள். பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் இழுத்துக் காட்ட வேண்டுமாம். புதிதாக ஒரு பெரிய பேன்ட்டை வாங்கி, அதுதான் பழசு என்று வைத்திருக்கிறாள்.

கிளப்புக்கு வருகிற, மார்க்கெட்டில் காய்கறி விற்கிற ஒச்சம்மாள் அன்றைக்குப் படியில் என்னைப் பிடித்து, "உங்கப்பாவே நிறுத்திட்டாரு, நா சுகர் மாத்திரைய நிறுத்தலாமா தாயி?" என்று கேட்டாள். நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தவே நிறுத்தாதீங்க என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். நான் கலக்கிக் கொடுத்த மாத்திரையால்தான் இந்தப் பொய்க்கு இவ்வளவு பலம் வந்திருக்கிறது. கொடுக்காவிட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும். கொடுத்தால் அத்தை ஜெயிக்கிறாள்.

நேற்று அப்பா பாயிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் இருட்டியதாம். அது மாத்திரை போதாததாலா, நான் ஏதோ தப்பாகக் கொடுப்பதாலா? இன்று முழுக்க வகுப்பில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி ஐந்து மாத்திரைதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையோடு தீரும். பஜாரில் மெடிக்கல் ஷாப்பில் காலி அட்டையைக் காட்டிக் கேட்டேன். சீட்டு இல்லாமல் தர முடியாது, அச்சனைக் கூட்டிக்கொண்டு வா என்று அந்தச் சேட்டன் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

நாளைக் காலையில் ஸ்கூல் போகிற வழியில் இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். மங்களூருக்கு இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். கைக்குக் கிடைத்ததும் முதலில் தன்யாவின் நம்பருக்குக் கூப்பிட்டு, நாளைக்கு நான் மாத்திரை போடட்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்குள் இன்னொரு தடவை கண் இருட்டினால் நான் காத்திருக்க மாட்டேன், கங்கா சேச்சியிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

பிறகு ரயில் ஏறி வா அக்கா. பரீட்சை இருக்கிறது என்று தெரியும். போனில் சொன்னால் அப்பா கேட்க மாட்டார், சிரிப்பார். நீ நேரில் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார். மெஷின் காட்டுவதை நீ வாசி, அவரே எழுதட்டும். அப்போதுதான் டாக்டரிடம் வருவார்.

"பாப்பா வாயாலதான கேட்டேன்" என்று அவர் சொல்வார். எனக்காக எதையும் மறைக்காதே. எண்பத்தொன்பது இல்லை, தொண்ணூற்றி நான்கு, அதுவும் தப்பான இடத்தில், பொய் சொன்னவள் கற்பகம் என்று சொல். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். கோபப்பட்டுக் கத்தட்டும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கத்தட்டும். அந்தச் சத்தம் வீட்டில் இருந்தால் எனக்குப் போதும்.

கோமதியம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு.

உன் தங்கை,
கற்பகம்